வாசகர் கேள்வி – பதில்: சுகமானால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எங்க அம்மாவுக்கு எட்டு வருசமா சர்க்கரை இருக்குதுங்க. ஒரு ஜெபக்கூட்டத்துல, "சுகமாயிட்டீங்க, இனி மாத்திரை போட்டா அவிசுவாசம்"னு சொல்லிட்டாங்க. மாத்திரை, ராத்திரி போடற இன்சுலின் ஊசி ரெண்டையும் அம்மா நிறுத்திட்டாங்க. அடுத்த வாரம் மூணு நாள் உபவாசமும் இருக்கப் போறாங்களாம். கேட்டா நல்லாத்தான் இருக்கேங்கறாங்க. நான் தடுத்தா பாவமாங்க?
– வாசகி, பல்லடம்

பதில்: பாவமே இல்லை, சகோதரி. இன்றைக்கே தடுங்கள். சர்க்கரை ஏறும்போது வலிக்காது. அதனால் "நல்லாத்தான் இருக்கேன்" என்ற பேச்சை நம்பி இருந்துவிடாதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். எத்தனை நாளாக நிறுத்தியிருக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லி, மறுபடி எந்த அளவில் தொடங்குவது என்று மருத்துவரிடமே கேளுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரட்டிப்பாகப் போட்டுவிடக் கூடாது. அடங்காத தாகம், வாந்தி, வயிற்றுவலி, வேகமாக மூச்சு வாங்குதல், அசதியாகச் சரிதல் இவற்றில் எது தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

உபவாசத்தில் ஆபத்து வேறு விதம். மருந்து உள்ளே போய்ச் சோறு போகாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும்: வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அப்போது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். தேறியதும் சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்; புரையேறும். நோயாளி பட்டினி கிடக்க வேண்டும் என்று வேதம் எங்கும் கட்டளையிடவில்லை. கர்த்தர் விரும்பும் உபவாசம் எது என்று ஏசாயா 58 சொல்கிறது: பசித்தவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது. அம்மாவால் அதைத் தாராளமாகச் செய்ய முடியும்.

சுகமானது மெய்தானா என்ற கேள்விக்கும் வேதத்திலேயே வழி இருக்கிறது. பத்துக் குஷ்டரோகிகளிடம் இயேசு, "நீங்கள் போய், ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்" என்றார் (லூக்கா 17:14). ஆசாரியன் பார்த்துச் சோதித்துச் சொல்ல வேண்டும் என்பது லேவியராகமம் 14-இல் உள்ள முறை. இயேசு அதைத் தாண்டிப் போகச் சொல்லவில்லை. இன்று சர்க்கரையைச் சோதிக்கும் பொறுப்பு மருத்துவருடையது. எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும். உண்மையில் குறைந்திருந்தால் மருத்துவரே மருந்தைக் குறைப்பார். தேவன் செய்த அற்புதம் ஒரு சொட்டு இரத்தப் பரிசோதனைக்குப் பயப்படாது.

"நோய் போகவில்லையா, உன் விசுவாசம் போதாது" என்ற போதனைதான் எங்களை மிகவும் வேதனைப்படுத்துகிறது. பவுல் தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்து பட்டணத்தில் விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20); விசுவாசம் போதாது என்று அவனைப் பழிக்கவில்லை. பவுலுடன் இருந்த லூக்கா ஒரு வைத்தியர். இந்தப் போதனையைக் கேட்டவர்கள் நோயை மறைக்கத் தொடங்குகிறார்கள். காசநோய்க்காரர் ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மாத்திரையை இரண்டாம் மாதத்தில் விட்டால், கிருமி மருந்துக்கு அடங்காமல் போகக்கூடும். பிறகு அது அவரோடு நிற்காது. வீட்டுப் பிள்ளைக்கும் தறிக் கூடத்தில் கூட வேலை செய்பவருக்கும் பரவும்.

கேள்வி: பனியன் கம்பெனியில வேலைங்க. "விதைக் காணிக்கை போட்டா நூறு மடங்கு திரும்பும்"னாங்க. வீட்டுக்காரம்மா நகையை அடகு வெச்சுக் கொடுக்கட்டுங்களா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம், தம்பி. "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும்" (2 கொரிந்தியர் 8:12). கடன் வாங்கிக் கொடுப்பது இல்லாததிலிருந்து கொடுப்பதுதான். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றால் ஒரு லட்சத்துக்கு வருடம் 36,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். "நூறத்தனையாக" என்று மாற்கு 10:30 சொல்வது உண்மை. ஆனால் அதே வசனத்தில் "துன்பங்களோடேகூட" என்றும் இருக்கிறது. விதைக் காணிக்கை கேட்பவர்கள் அதை வாசிப்பதில்லை. ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்களில் போட்ட பணம் பெருகும் என்று நம்பிக் கொங்கு நாட்டுக் குடும்பங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதே ஆசையை ஆண்டவர் பேரில் விற்பது இன்னும் கொடுமை.

உள்ளதிலிருந்து மனதாரக் கொடுப்பதானால் மூன்றைக் கேளுங்கள்: வரிசை எண் போட்ட ரசீது, தனி ஆள் பேரில் இல்லாமல் சபையின் பேரில் உள்ள வங்கிக் கணக்கு, சபையார் முன் வாசிக்கப்படும் தணிக்கை செய்த வரவு செலவு. கேட்டதற்கே கோபப்பட்டால் கொடுக்காதீர்கள். பவுல் எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைத் தனியாகக் கையாளாமல், சபைகள் தெரிந்தெடுத்தவரைக் கூட வைத்துக்கொண்டார். யாரும் குற்றம் சொல்ல இடம் வரக் கூடாது என்பதுதான் காரணம்.

கேள்வி: எங்க சபைக் கல்லறைத் தோட்டத்துல சாதிவாரியா இடம் ஒதுக்கறாங்க. சரிங்களா?
– வாசகர், தாராபுரம்

பதில்: சரியே இல்லை. உட்காரும் இடத்தில் வேற்றுமை காட்டுவதையே யாக்கோபு 2 கண்டிக்கிறது; புதைக்கும் இடத்தில் எப்படிச் சரியாகும்? இறந்த தேதி வரிசையில்தான் குழி என்று சபைக் கமிட்டியில் தீர்மானம் எழுதி, பதிவேட்டில் வரிசை எண் போடக் கேளுங்கள். வாய்மொழி வாக்குறுதியோடு விட்டுவிடாதீர்கள்; அடுத்த கமிட்டி வந்தால் அது மறைந்துவிடும்.