எக்ஸ்ரேயில் தெரியாத வலி

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வயது 44. கோவிட் சமயத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஸ்டீராய்டு கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து இடது இடுப்பில் வலி ஆரம்பித்தது. ஏ.வி.என். என்றார்கள். தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போய்விட்டதாம். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் பத்து வாரத்துக்கு முன்பு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டேன்.

மறுநாளே வாக்கரில் நடக்க வைத்தார்கள். எல்லோரும் கைதட்டாத குறைதான். ஆனால் இன்றுவரை வலி போகவில்லை. ராத்திரி புரண்டு படுக்க முடியவில்லை. சாயங்காலம் ஆனால் தொடை கனத்துவிடுகிறது. நொண்டித்தான் நடக்கிறேன். ரிவ்யூவுக்குப் போனால் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து "சூப்பர்" என்கிறார். சித்தப்பா பையன், இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் கோப்பை ஜெயித்த டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரேயின் வீடியோவை அனுப்புகிறான். மாமனார் எண்ணெய்க் கட்டு போடுகிறவரைக் கூட்டிவரட்டுமா என்கிறார். எழுபது வயதைத் தாண்டிய அம்மா நான் கீழே போடுவதையெல்லாம் எடுத்துத் தருகிறார், செருப்பு மாட்டிவிடுகிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை. போன வாரம் அவர் மேலேயே எரிந்து விழுந்துவிட்டேன்.

உங்களுக்கும் இடுப்பு ஆபரேஷன் ஆனதை ஒரு கட்டுரையில் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த மாதங்களை எப்படிக் கடந்தீர்கள்? எனக்கு மட்டும்தான் இப்படியா? சோம்பேறி ஆகிவிட்டேனோ?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்களுக்கு மட்டும் இல்லை. ஆறே வாரத்தில் கம்பை ஊன்றிக் கடைக்குப் போய்வருகிறவர்கள் உண்டு. ஆறு மாதம் ஆகியும் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. ஓரளவு சகஜமாக நடமாட மூன்று மாதம், முழுத் தெம்பு திரும்ப ஒரு வருடம்கூட ஆகலாம் என்பதுதான் டாக்டர்களே சொல்லும் பொதுவான கணக்கு. ஆபரேஷனுக்கு முன்பு அந்த ஒரு வருடத்தை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. சொன்னாலும் அன்றைக்கு நம் காதில் ஏறாது.

சோம்பேறித்தனம் என்ற பேச்சை விடுங்கள். கணக்கு வாத்தியாருக்குக் கணக்காகவே சொல்லிவிடலாம். நடை என்பது மாற்றி மாற்றி ஒற்றைக் காலில் நிற்பதுதான். அப்படி நிற்கும்போது உடம்பின் எடை மூட்டுக்கு உள்பக்கமாக இறங்குகிறது. இடுப்பு அந்தப் பக்கம் சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது மூட்டுக்கு வெளிப்பக்கம் இருக்கும் தசை. சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். எடை உட்கார்ந்திருக்கும் பக்கம் நீளம், தசை இழுக்கும் பக்கம் குட்டை. குட்டைப் பக்கத்து ஆள் எடையைவிட அதிகமாக இழுத்தால்தான் பலகை மட்டமாக நிற்கும். இரண்டும் சேர்ந்து, சும்மா நடக்கும்போதே மூட்டில் உடல் எடையைப் போலக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது.

இப்போது உங்கள் நிலைமையைப் பாருங்கள். வலி வந்த நாளிலிருந்தே அந்தக் காலுக்குப் பாரம் கொடுக்காமல் சாய்ந்து சாய்ந்து நடந்திருப்பீர்கள். அந்தத் தசை அப்போதே வற்ற ஆரம்பித்திருக்கும். அப்புறம் ஆபரேஷன். எந்த வழியாகப் போனாலும் தசைகளை விலக்கியோ, வெட்டித் திரும்பத் தைத்தோதான் மூட்டை எட்ட முடியும். ஆக, மூட்டு புத்தம்புதுசு. அதை இழுக்கவேண்டிய ஆள் பழைய ஆள், அதுவும் அடிபட்டுக் கிடக்கும் ஆள். உங்கள் நொண்டலுக்கு முக்கியமான காரணம் அங்கேதான் இருக்கும்.

எக்ஸ்ரேயில் இது எதுவும் தெரியாது. அதில் தெரிவது உலோகமும் எலும்பும். டாக்டர் "சூப்பர்" என்றது பொய்யில்லை. அவர் வைத்தது வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். நான் டூவீலரிலிருந்து விழுந்து தொடை எலும்பின் கழுத்து உடைந்து இதே ஆபரேஷனுக்குப் போனவன். ரிவ்யூ முடிந்து ஆட்டோவில் ஏறக் காலைத் தூக்கினால் கண்ணில் தண்ணீர் முட்டும். பக்கத்தில் மனைவி, "அதான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரே" என்பாள். வலியாவது பரவாயில்லை, அதற்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லாததுதான் என்னைப் படுத்தியது.

சாட்சி கிடைத்தது பிசியோதெரபி அறையில். அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஆள் உயரக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, என் இடுப்பின் இரண்டு பக்கத்து எலும்பு மேட்டிலும் விரலை வைத்துக்கொண்டு, ஆபரேஷன் ஆன காலில் மட்டும் நிற்கச் சொன்னார். தூக்கிய காலின் பக்கம் இடுப்பு மெதுவாகக் கீழே இறங்கியது. உடம்பைச் சாய்த்துச் சமாளிக்கப் பார்த்தேன். "சாயாதீங்க சார், பாருங்க, எப்படி எறங்குதுன்னு" என்றார். பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சில வாரம் கழித்து அதே கண்ணாடியில் அது இறங்குவது குறைந்திருந்ததையும் என் கண்ணாலேயே பார்த்தேன். உங்களுக்கு நல்ல பிசியோதெரபிஸ்ட் இல்லையென்றால் முதல் வேலையாக ஒருவரைத் தேடுங்கள். தாளில் படம் போட்டுக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறவர் வேண்டாம், காலைத் தொட்டுப் பார்க்கிறவர் வேண்டும்.

மறுநாளே நடக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். பாதிக் குழப்பம் அதிலிருந்துதான் வருகிறது. இன்றைய ஆபரேஷனுக்கு அடித்தளம் போட்டவர் இங்கிலாந்தில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் இருந்த ஜான் சார்ன்லி. உலோகத் தலை, பாலிஎத்திலீன் கிண்ணம், பல் வைத்தியத்தில் புழங்கிய அக்ரிலிக் சிமெண்ட் என்ற கூட்டணியை 1962-இல் அவர் நிலைநிறுத்தினார். அதற்கு முன்பு டெஃப்லான் கிண்ணம் வைத்துப் பார்த்தார். அது சீக்கிரமே தேய்ந்து, தேய்ந்த தூள் உள்ளே புண்ணாக்கி, பலருக்கும் மறுபடி ஆபரேஷன் செய்யவேண்டி வந்தது. அந்தப் பொருள் உடம்புக்குள் என்னதான் செய்கிறது என்று பார்க்கத் தன் தொடையிலேயே அதை வைத்துக்கொண்ட மனிதர் அவர். (அதனாலேயே அவர் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம்.)

அந்தக் காலத்து நோயாளிகள் நாள்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தார்கள். படுத்தே கிடந்தால் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, சளி கட்டும், தசையும் கரையும். அதனால்தான் இப்போது மறுநாளே எழுப்பி நிறுத்துகிறார்கள். புது மூட்டு முதல் நாளிலிருந்தே பாரத்தைத் தாங்கும் என்பதால் அது முடிகிறது. உடம்பு தேறிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. பார்க்க வந்தவர்கள் மட்டும் அதை அப்படி எடுத்துக்கொண்டு, ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். லான்செட் மருத்துவ இதழ் 2007-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இதை நூற்றாண்டின் ஆபரேஷன் என்றே அழைத்தது. நியாயமான பாராட்டுதான். ஆனால் அப்படிப்பட்ட ஆபரேஷனைச் செய்துகொண்டு "வலிக்கிறது" என்றால் நன்றி கெட்டவன் மாதிரி ஆகிவிடுகிறது.

சித்தப்பா பையனுக்கு ஒரு தகவல். மர்ரேக்கு 2019 ஜனவரியில் நடந்தது உங்களுக்கு நடந்த ஆபரேஷன் இல்லை. எலும்புத் தலையை வெட்டி எடுக்காமல் அதன் மேல் உலோகத் தொப்பி போடுவது அது. அப்போது அவருக்கு 31 வயது, உடம்பைத் தேற்றுவதே முழுநேர வேலை. அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் கோப்பை வாங்கினார், உண்மைதான். அதே ஜனவரியில், ஆபரேஷனுக்கு முன்னால், காலுறை மாட்டுவதுகூட வலிக்கிறது என்று நிருபர்கள் முன்னால் அழுதவரும் அவர்தான். அந்த வீடியோவும் கிடைக்கும், பையனை அதையும் அனுப்பச் சொல்லுங்கள்.

எண்ணெய்க் கட்டு வேண்டவே வேண்டாம். புத்தூர் கட்டுப் போட்டுக் கை கால் சேர்ந்தவர்கள் நம் பக்கம் ஏராளம், நான் அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. ஆனால் உங்கள் இடுப்பில் இருப்பது எலும்பு மூட்டே இல்லை. ஒரு உருண்டை ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. சுற்றியுள்ள சவ்வும் தசையும் இறுகாத நிலையில் யாராவது காலை மடக்கித் திருகினால் அது கழன்றுவிடும். மாமனாரிடம் வாதம் பண்ணாதீர்கள். டாக்டர் கண்டிப்பாகக் கூடாது என்றுவிட்டார் என்று அவர் தலையில் போட்டுவிடுங்கள். ஆட்டுக்கால் சூப், பிரண்டைத் துவையல் என்று கொண்டுவந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

பொறுமையாக இருங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த நாட்களில் அதைப் போல எரிச்சல் கிளப்பிய வார்த்தை வேறு இல்லை. எனக்குப் பொறுமை வரவும் இல்லை. வந்தது ஒரு டைம்டேபிள். காலையில் பல் தேய்த்து, ஏதாவது சாப்பிட்டு, டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுவிடுவேன். அது வேலை செய்ய ஆரம்பித்ததும் உடற்பயிற்சி, அப்புறம் ஐஸ் ஒத்தடம், அப்புறம் படுக்கை. மாலையில் மறுபடி கொஞ்சம் நடை. வலி உச்சிக்கு ஏறியபின் மாத்திரையைத் தேடுவதில் பிரயோஜனம் இல்லை. (சில மாத்திரைகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும். டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.)

வலி குறைந்த நாளில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அன்றைக்கு ஆசையில் இரண்டு மடங்கு நடந்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுத்துக்கிடப்போம். முனைக் கடை வரை என்றால் முனைக் கடை வரைதான், நல்ல நாளானாலும் சரி, கெட்ட நாளானாலும் சரி. உடற்பயிற்சிக்குப் பின் வரும் வலி ராத்திரியோ மறுநாள் காலையோ அடங்கிவிட்டால் அளவு சரி. அடங்கவில்லையென்றால் குறைத்துக்கொள்ளுங்கள். கம்பை வலது கையில் பிடிக்கிறீர்களா? நிறையப் பேர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். எதிர்ப்பக்கம் ஊன்றினால்தான் அந்தக் குட்டைப் பக்கத்து ஆளுக்குச் சுமை குறையும். நொண்டல் போவதற்கு முன்னால் மானத்துக்குப் பயந்து கம்பைத் தூக்கிப் போடாதீர்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில்.

ராத்திரிகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, அது மோசம்தான். முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்து, இரண்டு காலையும் சேர்த்து ஒரே உருப்படியாகப் புரளப் பழகினேன். அப்படியும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். படுத்துக்கொண்டு தடிப் புத்தகம் படித்தால் கை கடுக்கும். ஆகவே காதில் மாட்டிக்கொண்டு நாகஸ்வரம் கேட்டேன். தூக்கம் வரவில்லை, ஆனால் நாலு மணி வந்துவிட்டது.

அம்மா விஷயம். ஒரு மத்தியானம் என் பேனா உருண்டு கட்டிலுக்குப் பக்கத்தில், எட்டிவிடலாம் போன்ற தூரத்தில் விழுந்தது. குனிந்தால் இடுப்பு தொண்ணூறு பாகைக்கு மேல் மடங்கும், கூடாது. கம்பால் இழுத்தால் இன்னும் உள்ளே போனது. வீட்டில் யாரும் இல்லை. யாராவது வரும்வரை அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அன்றைக்கு வந்த கோபம் பேனா மேலா, காலின் மேலா, கடைசியில் வீட்டுக்குள் நுழைந்தவர் மேலா என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் அம்மா மேல் விழுந்ததும் அந்தக் கோபம்தான். அது அவருக்கும் தெரிந்திருக்கும். மருத்துவ உபகரணக் கடைகளில் கீழே கிடப்பதைக் கவ்வி எடுக்கும் நீளக் குச்சி விற்கிறார்கள், செருப்பு மாட்ட நீளமான கரண்டியும் விற்கிறார்கள். இரண்டையும் வாங்கிவிடுங்கள். எழுபது வயதில் அம்மா குனிந்து குனிந்து எடுப்பது அவர் முதுகுக்கும் நல்லதில்லை. அந்த வேலைகளை அவரிடமிருந்து எடுத்துவிட்டு, சாயங்கால நடைக்குத் துணைக்குக் கூப்பிடுங்கள். உங்கள் வேகம் அவர் வேகத்துக்குச் சரியாக இருக்கும்.

சரி, எந்த வலியையும் இப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால், காய்ச்சல் வந்தால், தையல் போட்ட இடம் சிவந்தாலோ கசிந்தாலோ, குறைந்துகொண்டே வந்த வலி திரும்பி ஏற ஆரம்பித்தால், அன்றைக்கே போய்க் காட்டுங்கள். மூச்சுத் திணறினாலோ, திடீரென்று கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டு ஊன்ற முடியாமல் போனாலோ 108-ஐக் கூப்பிடவேண்டியதுதான்.

அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். முதலாவது, வலது இடுப்பு. ஸ்டீராய்டால் வரும் ஏ.வி.என். பல சமயம் இரண்டு பக்கமும் வரும். எம்.ஆர்.ஐ.யில் அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். இரண்டாவது, தரையில் உட்காருவதும் இந்திய டாய்லெட்டும். இது ஆபரேஷன் செய்த முறையையும் வைத்த மூட்டையும் பொறுத்தது, உங்கள் டாக்டர்தான் சொல்ல முடியும். நான் பந்தியில் நாற்காலிக்கு மாறி வருடங்கள் ஆகிவிட்டன. மூன்றாவது, கால் ஒன்று நீளமாக இருப்பது போலத் தோன்றினால் அதைச் சொல்லுங்கள். பெரும்பாலும் தசை இறுக்கத்தால் வரும் தோற்றம்தான், சில மாதத்தில் சரியாகிவிடும். ஆனாலும் அளந்து பார்க்கட்டும்.

டூவீலரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எப்படியும் கேட்பீர்கள். ஓட்டுவது பெரிய விஷயமில்லை. சிக்னலில் இடது காலை ஊன்றி வண்டியின் பாரத்தைத் தாங்க வேண்டும், வண்டி சாய்ந்தால் அந்தக் கால்தான் பிடிக்க வேண்டும். டாக்டர் சரி சொல்லும்வரை பள்ளிக்கு ஆட்டோவிலேயே போய்வாருங்கள். காசு ஆகும்தான்.

அன்புடன்,
மு.