சாபத்தில் முடியும் அறிக்கை வாதமாகுமா?

கேள்வி: ஆங்கிலேயரை எதிர்த்துத் திரளும்படி மக்களை அழைத்து, 1801 ஜூன் 16 அன்று சிவகங்கையின் சின்ன மருது திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டச் செய்த ஜம்புத்தீவு அறிக்கையை, வாதத்திறன் பயிற்சிக்காக மேல்நிலை வகுப்பில் படித்தோம். "கடைசியில் சாபம்தானே விடுகிறார், இது எப்படி வாதமாகும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்ன விடை சொல்லலாம்?
- ஓர் ஆசிரியை, தொண்டி

பதில்: மிக நல்ல கேள்வி, மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். சாபத்துக்கு வருவதற்கு முன், அறிக்கை பழியை எப்படிப் பங்கிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆற்காட்டு நவாபு முகம்மது அலி அறியாமையால் ஐரோப்பியருக்கு இடம் கொடுத்துவிட்டார், அவர்கள் வாக்குத் தவறி நாட்டைத் தமதாக்கிக்கொண்டார்கள், நீங்களோ ஒற்றுமையின்றி ஒருவரையொருவர் தூற்றி அதற்குத் துணைபோனீர்கள் என்று அது சொல்கிறது. நம் பிழையால் போனதை நாமே மீட்கலாம் என்ற நம்பிக்கை அந்தக் கண்டிப்புக்குள்ளேயே இருக்கிறது.

இதில் சொல்லாமல் விட்ட செய்தியே என்னை அதிகம் வியக்க வைக்கிறது. 1772இல் நவாபின் படையும் கும்பினிப் (ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி) படையும் சேர்ந்து வந்துதான் இராமநாதபுரத்தைப் பிடித்தன, சிறுவனாயிருந்த அதன் மன்னர் சேதுபதியைத் திருச்சிக் கோட்டையில் அடைத்தன. அதே ஆண்டில் காளையார்கோவிலில் மருதுவின் அரசரான சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றன. அத்தனையையும் நெஞ்சில் வைத்திருந்தவர், நவாபைப் பகைவர் என்னாமல் ஏமாந்தவர் என்று மட்டும் எழுதினார். சொந்தப் பகையை முன்வைத்திருந்தால் பிராமணர் முதல் முஸ்லிம்கள் வரை எல்லாரையும் ஒரே அழைப்பில் அழைத்திருக்க முடியாது.

வறுமையைக் காட்டும் இடத்தில் புள்ளிக்கணக்கு ஏதும் இல்லை. சோறு நீராகாரமாகிவிட்டது என்கிறார், அவ்வளவுதான். விடியுமுன் ஒரு செம்பு நீராகாரத்தைக் குடித்துவிட்டுக் கடலுக்குப் போகும் நம் கரைக்காரருக்கு அதற்குமேல் விளக்கம் எதற்கு?

இனி சாபம். அறிக்கையைப் படித்தும் படியெடுத்து நண்பர்களுக்கு அனுப்பாதவருக்குக் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவம். முஸ்லிமானால் பன்றியின் இரத்தம் குடித்த பாவம். சுவரிலிருந்து கிழிப்பவருக்கோ பஞ்சமாபாதகம். அச்சகமோ தபாலோ கைவசம் இல்லாத ஒருவர், படிக்கிறவரையே எழுத்தராகவும் அஞ்சற்காரராகவும் ஆக்க வேறு என்ன செய்வார்? அவரவர் அஞ்சும் பாவத்தை அவரவர்க்குத் தனித்தனியே சொன்னதிலிருந்து, தொண்டி, கீழக்கரை போன்ற ஊர்களின் முஸ்லிம்களையும் அவர் வாசகராகவே எண்ணினார் என்பது விளங்கும். ஆகவே சாபம் வாதத்துக்குச் சான்றாகாது, ஆனால் அதை ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் கால் அதுதான்.

குறை ஒன்றும் உண்டு, அதை வகுப்பில் மறைக்க வேண்டாம். மீசை வைத்த அனைவரும் திரளுங்கள் என்று அழைக்கிறது அறிக்கை. முத்துவடுகநாதரின் மனைவியும் 1780இல் சிவகங்கையை மீட்டவருமான வேலுநாச்சியார் சேதுபதி வீட்டுப் பெண். அவருக்குத் துணைநின்று போரிட்டவர்கள் பெரிய மருது, சின்ன மருது என்ற மருதிருவர். அப்படிப் போரிட்ட சின்ன மருதுவின் அறிக்கையில் பெண்களை நோக்கி ஓர் அழைப்பும் இல்லாதது ஏன் என்பதை அந்த மாணவியிடமே கேட்டு, விடையை எழுதச் சொல்லுங்கள்.