அனலாக் இன்-மெமரி சிப்பில் இரைச்சலைக் குறைப்பது எப்படி?

நீங்கள் கேட்டது இதுதான்: பைடார்ச் என்ற மென்பொருளில் 93 சதவீதத்துக்கு மேல் துல்லியம் காட்டிய நியூரல் நெட்வொர்க், மெமரி செல்கள் வரிசையும் நிரலுமாகக் கோக்கப்பட்ட கிராஸ்பாரின் மாடலில் ஏற்றியதும் சரிந்துவிடுகிறது. ஹார்டுவேரில் இருக்கும் இரைச்சலை எப்படி ஒழிப்பது?

இந்தத் துறையில் மாடலிங் பக்கம் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். முழுக்க ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் தேவையில்லை. எதைச் சர்க்யூட்டில் அடக்க வேண்டும், எதை நெட்வொர்க்குக்குப் பழக்கிவிட வேண்டும் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பலர் எல்லா இரைச்சலையும் ஒரே காஸியன் பரவலின் சிக்மாவுக்குள் (சிதறல் அளவுக்குள்) போட்டுவிடுகிறார்கள். பிறகு எந்த வைத்தியம் வேலை செய்தது, எது செய்யவில்லை என்று அவர்களுக்கே தெரிவதில்லை.

ஒரே ஒரு செல்லை எடுத்துக்கொள்வோம். வெயிட், அதாவது நெட்வொர்க் கற்றுக்கொண்ட எண், அதில் கடத்துத்திறனாக எழுதப்பட்டிருக்கிறது, 20 மைக்ரோ சீமென்ஸ் என்று வையுங்கள். வரிசையில் 0.2 வோல்ட் கொடுத்தால் ஓம் விதிப்படி 4 மைக்ரோ ஆம்பியர் ஓடும். நிரலில் உள்ள எல்லா செல்களின் மின்னோட்டமும் கிர்க்காஃப் விதிப்படி தானாகவே கூடிவிடும். பெருக்கலும் கூட்டலும் மெமரிக்குள்ளேயே முடிகிறது. ஆனால் அந்த 20 என்ற எண் நாம் நினைத்த இடத்தில் நிற்பதில்லை. அது மூன்று விதமாகத் தவறுகிறது.

முதலாவது, எழுதும்போது வரும் பிழை. ஒரு பல்ஸ் கொடுத்தால் 20 என்று நினைத்தது 18 ஆகவோ 23 ஆகவோ விழும். எழுது, படித்துப் பார், திருத்து என்று சுற்றிச் சுற்றிச் செய்வதுதான் இதற்கு வழி. இன்னும் போதவில்லை என்றால் ஒரு வெயிட்டைப் பல செல்களில் பகிர்ந்து எழுதலாம். பிழைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால் நான்கு செல்லுக்குப் பிழை பாதியாகும். ஆனால் சிப்பில் இடம் நான்கு மடங்கு போகும் என்பதால், நான் இதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருப்பேன்.

இரண்டாவது, படிக்கும்போது வரும் இரைச்சல். வெப்ப இரைச்சல் மட்டும் என்றால் கொஞ்சம் நேரம் அதிகமாகப் படித்துச் சராசரி எடுத்தால் குறைந்துவிடும். இங்கே தொல்லை கொடுப்பது அதிர்வெண் குறையக் குறைய வலுக்கும் 1/எஃப் இரைச்சலும், கடத்துத்திறன் இரண்டு நிலைகளுக்கிடையே தாவிக்கொண்டே இருக்கும் டெலிகிராஃப் இரைச்சலும். அவை சராசரிக்கு அவ்வளவு எளிதில் மசியாது. 2023-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா யாங் குழு நேச்சரில் வெளியிட்ட வேலை எனக்கு மிகவும் பிடித்தது. இந்தத் தாவலுக்குக் காரணம் மெம்ரிஸ்டருக்குள் (மின்தடையை மாற்றி மதிப்பை நினைவில் வைக்கும் செல்) அரைகுறையாக உருவான கடத்தும் பாதைகள் என்று கண்டுபிடித்தார்கள். எழுதிய பிறகு மென்மையான மின்னழுத்தப் பல்ஸ்கள் கொடுத்து அந்தப் பாதைகளை நீக்கினார்கள். விளைவு, ஒரே செல்லில் 2,048 நிலைகளைப் பிரித்தறிய முடிந்தது, அதாவது 11 பிட். அடுத்த ஆண்டே பெங்களூரு ஐஐஎஸ்சியில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமியின் குழு, மூலக்கூறுப் படலத்தில் 16,520 நிலைகளைக் காட்டியது. இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே பிடிப்பது என்றால் இதுதான்.

மூன்றாவது டிரிஃப்ட், அதாவது எழுதிய மதிப்பு நேரம் போகப் போக நகர்வது. பிசிஎம் எனப்படும் ஃபேஸ் சேஞ்ச் மெமரியில் இதுதான் பெரிய தலைவலி. ஜெர்மானியம், ஆன்டிமனி, டெல்லூரியம் கலந்த அந்தப் பொருளில், ஒழுங்கற்ற நிலையில் உறைந்த பகுதி மெல்ல மெல்லத் தளர்ந்து அமைய அமைய, கடத்துத்திறன் இறங்கிக்கொண்டே போகும். நேரத்தின் மைனஸ் நியூ அடுக்காக இறங்குகிறது, நியூ என்பது இறங்கும் வேகத்தைக் காட்டும் எண், சுமார் 0.05 என்று வையுங்கள். நேரம் பத்து மடங்காகும்போதெல்லாம் சுமார் 11 சதவீதம் போய்விடும். ஒரு வினாடியில் 20 ஆக இருந்தது ஒரு நாள் கழித்து 11-க்குச் சற்று மேலே நிற்கும். பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் எல்லா செல்லும் ஒரே விகிதத்தில் இறங்கினால் பாதகமில்லை, நிரலின் வெளியீட்டை ஒரு எண்ணால் பெருக்கிவிட்டால் சரியாகிவிடும். தெரிந்த உள்ளீடு ஒன்றை அவ்வப்போது கொடுத்து, மொத்த மின்னோட்டம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து அந்தப் பெருக்கு எண்ணை எடுக்கிறார்கள். செல்லுக்குச் செல் நியூ மாறுவதால் மிஞ்சும் சிதறல்தான் உண்மையான இரைச்சல். அதை எந்தப் பெருக்கு எண்ணும் சரிசெய்யாது.

மிஞ்சியதை நெட்வொர்க்குக்குப் பழக்குங்கள். பயிற்சியின்போது ஒவ்வொரு முன்னோக்கிய ஓட்டத்திலும் (உள்ளீட்டிலிருந்து விடையைக் கணக்கிடும்போது) வெயிட்டில் புதிதாக இரைச்சல் சேருங்கள். அப்டேட்டை மட்டும் இரைச்சல் இல்லாத அசல் வெயிட்டில் செய்யுங்கள். இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. இரைச்சலின் அளவு அந்த லேயரின் மிகப்பெரிய வெயிட்டைப் பொறுத்தது. ஏனென்றால் மிகப்பெரிய வெயிட்தான் செல்லின் அதிகபட்சக் கடத்துத்திறனுக்குப் பொருத்தப்படுகிறது. எங்கோ ஒரு வெயிட் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் மற்ற எல்லாம் சிறிய கடத்துத்திறனுக்குள் நசுங்கி, அதே இரைச்சலில் மூழ்கிவிடும். ஆகவே பயிற்சி நடக்கும்போதே வெயிட்டுகளை அந்த லேயரின் திட்ட விலக்கத்தைப் போல் இரண்டு மடங்கு அளவில் வெட்டுங்கள். உங்கள் சரிவில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது என்பது என் ஊகம், முதலில் வெயிட்டுகளின் ஹிஸ்டோகிராம் போட்டுப் பாருங்கள்.

இது வெறும் சிமுலேஷன் கதை இல்லை. ஐபிஎம் சூரிச் ஆய்வகத்தினர் 2020-ல் படங்களை வகைப்படுத்தும் ரெஸ்நெட்-32 நெட்வொர்க்கின் 3,61,722 வெயிட்டுகளையும் நிஜமான பிசிஎம் செல்களில் எழுதினார்கள். நேர்க்குறிக்கு ஒன்று, எதிர்க்குறிக்கு ஒன்று என வெயிட்டுக்கு இரண்டே செல்கள். சிஃபார்-10 என்ற படத்தொகுப்பில் துல்லியம் ஒரு நாள் முழுக்க 93.5 சதவீதத்துக்கு மேலேயே நின்றது. இரைச்சல் சேர்த்த பயிற்சியும் டிரிஃப்ட் திருத்தமும் சேர்ந்துதான் இதைச் சாதித்தன.

நிரலின் மின்னோட்டத்தை டிஜிட்டல் எண்ணாக மாற்றும் ஏடிசி பற்றிச் சுருக்கமாக: பிட் கூட்டினால் எல்லாம் சரியாகும் என்று நினைக்காதீர்கள். வெப்ப இரைச்சலே எல்லையாக இருக்கும் ஏடிசியில் ஒரு பிட் கூட்ட ஆற்றல் நான்கு மடங்கு வேண்டும். அனலாகுக்கு வந்ததன் லாபமே போய்விடும். வயரின் மின்தடையால் வரும் மின்னழுத்த இறக்கமோ கணிக்கக்கூடிய பிழை. அதைக் குறைக்க, செல்களின் அரேயைச் சிறிது சிறிதாகப் பிரியுங்கள்.

உங்கள் புராஜெக்ட்டுக்கு ஐபிஎம் திறந்த மூலமாகக் கொடுத்திருக்கும் ஏஐஹெச்டபிள்யூ கிட் போதும். பைடார்ச் மேலேயே ஓடும், பிசிஎம் இரைச்சல் மாடலும் டிரிஃப்ட் திருத்தமும் உள்ளேயே இருக்கின்றன. எழுதும் பிழை மட்டும், படிக்கும் இரைச்சல் மட்டும், டிரிஃப்ட் மட்டும் என்று ஒவ்வொன்றாகத் திறந்து ஓட்டுங்கள். ஒரு வினாடி, ஒரு மணி நேரம், ஒரு நாள், ஒரு மாதம் என்று நேரம் மாற்றி, ஒவ்வொன்றையும் பல ரேண்டம் சீடுகளில் (தற்செயல் எண்களின் தொடக்க மதிப்புகளில்) ஓட்டிச் சராசரியோடு சிதறலையும் எழுதிவையுங்கள். எது உங்கள் துல்லியத்தைத் தின்கிறது என்று அந்த வரைபடத்திலேயே தெரிந்துவிடும். வரைபடத்தை இங்கே கமென்ட்டில் போட்டால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.