சிபைத்தானை நம் கணினியில் பில்ட் செய்வது: கேள்வி பதில்

கேள்வி: பைத்தான் மொழிக்கே பங்களிக்க ஆசை மேடம். என்னிடம் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்தான், உபுண்டு போட்டிருக்கிறேன். தாங்குமா?

பதில்: தாராளமாகத் தாங்கும். பயர்பாக்ஸ், குரோமியம் மாதிரி பெரிய திட்டம் இல்லை சிபைத்தான், அதாவது சி மொழியில் எழுதப்பட்ட, நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைத்தான். கிட்ஹப்பில் ஃபோர்க் (உங்கள் கணக்கில் ஒரு நகல்) எடுத்து, அதைக் கணினியில் குளோன் செய்யுங்கள் (இறக்குங்கள்). பிறகு 'வித்-பைடீபக்' விருப்பத்தோடு கன்ஃபிகர் கட்டளை, அடுத்து மேக் கட்டளை. மூலநிரலை இயங்கும் பைத்தானாக மாற்றும் இந்த வேலைதான் பில்ட். டீபக் பில்ட் கொஞ்சம் மெதுவாக ஓடும்; ஆனால் சி நிரலில் நீங்கள் செய்யும் தவறுகளை அங்கேயே நிறுத்திக் காட்டும்.

கேள்வி: மேக் முடிந்ததும் சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு இன்ஸ்டால் செய்யணுமா அக்கா?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. உபுண்டுவின் பல கருவிகள் அதோடு வந்த பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன, அதைத் தொடாதே. பில்ட் செய்த கோப்புறையிலேயே புது பைத்தான் இருக்கும். புள்ளி, சாய்கோடு, பைத்தான் என்று அடித்தால் போதும். ஆப்பிளின் மேக் கணினி என்றால் அதன் பெயர் 'பைத்தான்.இஎக்ஸ்இ' என்று இருக்கும். மூலநிரலில் பெரிய எழுத்தில் தொடங்கும் 'பைத்தான்' கோப்புறை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, மேக் கணினியின் கோப்பு முறைமை வழக்கமாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

கேள்வி: பில்ட் ஆகிவிட்டது, ஆனால் பிப் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) எதையும் இறக்க மறுக்கிறது. எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைய இணைப்புக்கான மாட்யூல்) இல்லை என்கிறது.

பதில்: இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. மேக் முடியும்போது கடைசியில் எந்தெந்த மாட்யூல்கள் பில்ட் ஆகவில்லை என்று ஒரு பட்டியல் வரும். பிழை என்று நிற்காமல் முடிந்துவிடுவதால் யாரும் அதைப் படிப்பதில்லை. எஸ்எஸ்எல் மாட்யூலுக்குத் தேவையான ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் உங்கள் கணினியில் இருக்கலாம், பில்ட் செய்யத் தேவையான அதன் ஹெடர் கோப்புகள் இருக்காது. உபுண்டுவில் 'லிப்எஸ்எஸ்எல்-டெவ்' நிறுவுங்கள். அதற்குப் பின் மேக் மட்டும் கொடுத்தால் போதாது, கன்ஃபிகரையும் மறுபடி ஓட்ட வேண்டும். எஸ்கியூலைட், ரீட்லைன் மாட்யூல்கள் விடுபட்டாலும் வைத்தியம் இதேதான்: அதற்குரிய 'டெவ்' தொகுப்பை நிறுவுங்கள்.

கேள்வி: விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி) போதுமா?

பதில்: போதும். குளோனை சி டிரைவில் வைக்காமல் லினக்ஸ் ஹோமில் வையுங்கள். வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும். விண்டோஸுக்கே உரிய பிழையைத் திருத்துவதானால் மட்டும் விஷுவல் ஸ்டுடியோ தேவை.

கேள்வி: எல்லாம் தயார். முதலில் எந்த இஷ்யூவை (பதிவான பிழை அல்லது கோரிக்கை) எடுக்கலாம் அக்கா?

பதில்: அதற்கு முன் ஒரு வேலை: எதையும் மாற்றாமல் டெஸ்ட்களை முழுசாக ஒருமுறை ஓட்டிவிடு. எது ஏற்கெனவே உன் கணினியில் தோற்கிறது என்று தெரிந்தால், பிறகு உன் மாற்றத்தின்மேல் வீணாகச் சந்தேகம் வராது. இஷ்யூக்கள் 2022 முதல் கிட்ஹப்பிலேயே இருக்கின்றன; 'ஈஸி' என்ற லேபிளை வைத்துத் தேடு. ஒவ்வொரு இஷ்யூவுக்கும் அப்ஸ்ட்ரீம் மெயினிலிருந்து, அதாவது மூலத் திட்டத்தின் முதன்மைக் கிளையிலிருந்து, தனிக் கிளை எடு. உன் ஃபோர்க்கின் மெயினில் நேரடியாகக் கை வைக்காதே.