பழைய டர்போ ஹேட்ச்பேக்குகளின் ரீமேப்: கேள்வி பதில்

மதுரை: 2015 போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வைத்திருக்கிறேன் அண்ணா. ரீமேப் செய்தால் எவ்வளவு குதிரைத்திறன் கூடும்?

ரீமேப் என்பது இன்ஜினை ஆளும் கணினியான இ.சி.யூ.வில் உள்ள மேப்பை, அதாவது எரிபொருள், பற்றவைப்பு அட்டவணைகளை, மாற்றி எழுதுவது. இந்த வண்டியில் டார்க்கைத்தான் (சக்கரத்தைச் சுழற்றும் விசை) முதலில் பார்க்க வேண்டும் தம்பி. கம்பெனியிலிருந்து வரும்போது 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர். அதன் உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் தாங்கும் எல்லை 250 நியூட்டன் மீட்டர். அந்த எல்லையை உரசும் மேப்பை, அதிலும் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குள்ளேயே டார்க்கை எகிறவைக்கும் மேப்பை நான் போட்டுத் தரமாட்டேன். கிளட்ச்தான் முதலில் போகும். இன்னொன்று: காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் செயின் கரகரக்கிறதா என்று கேளுங்கள். டைமிங் செயின் உள்ள 1.2 லிட்டர் இன்ஜின் என்றால் அந்தச் செயின் தளர்வது தெரிந்த குறை. கரகரத்தால் செயினை மாற்றும்வரை ரீமேப் வேண்டாம்.

கோவை: அபார்த் புன்டோ. வெளியில் ரீமேப் செய்தேன். 4,000 சுற்றுக்கு மேல் இழுவை குறைகிறது. மேப் தவறா, சார்?

நீங்கள் அனுப்பிய இ.சி.யூ. பதிவைப் பார்த்தேன். 1, 2, 4 சிலிண்டர்களில் இக்னிஷன் பின்வாங்கவே இல்லை, அதாவது நாக்கிங் (எரிபொருள் கட்டுக்கடங்காமல் வெடித்துத் தட்டுவது) கண்டு இ.சி.யூ. தீப்பொறியைத் தாமதப்படுத்தவில்லை. மூன்றாவதில் மட்டும் 6 டிகிரி பின்வாங்குகிறது. மேப்பில் கோளாறு என்றால் பெரும்பாலும் நான்கிலும் தெரியும். ஆகவே அந்த ஒரு சிலிண்டரைத் தேடுங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நன்றாக இருந்தால் 2, 3 இன்ஜெக்டர்களை இடம் மாற்றிப் போட்டு மறுபடி பதிவெடுங்கள். நாக்கிங் இரண்டாவதற்கு நகர்ந்தால் குற்றவாளி இன்ஜெக்டர்: அடைத்துக்கொண்டு பெட்ரோலைக் குறைவாகத் தெளிக்கிறது. இதைக் கண்டுபிடிக்காமல் பூஸ்டை (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) கூட்டியிருந்தால் பிஸ்டன் உருகியிருக்கும். முதலில் பதிவு, பிறகு மேப்.

ஈரோடு: டீசல் ஸ்விஃப்டுக்கு?

டீசல் என் துறை அல்ல. அதை மட்டுமே செய்பவரிடம் கேளுங்கள்.

சேலம்: சைலன்சரில் படபடவென்று வெடிக்கும் மேப் கிடைக்குமா?

தரமாட்டேன். வெடிப்பது எரியாத பெட்ரோல். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத்தான் அது தின்னும்.

திருச்சி: எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் நாக்கிங்கைத் தடுக்கிறது. அப்படியானால் இக்னிஷன் டைமிங்கை முன்னேற்றலாம்தானே? எல்லோரும் ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

நீங்கள் சொல்வதில் பாதி சரி. நாக்கிங்கைத் தாங்கும் அளவான ஆக்டேனை எத்தனால் கூட்டுகிறது. ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றையும் குளிர்விக்கிறது. மே மாத வெயிலில் அது பெரிய உதவி. ஆனால் வெறும் பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் தெளிக்க வேண்டும். 10 விழுக்காட்டிலிருந்து 20க்குப் போனால் ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுதல். ரீமேப் செய்த வண்டியில் இன்ஜெக்டர் ஏற்கெனவே திறனின் விளிம்பில் ஓடினால் அந்த 4 எங்கிருந்து வரும்?

திருச்சி: ஆக்சிஜன் சென்சார் சரிசெய்துவிடாதா?

மிதமான வேகத்தில் சரிசெய்யும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது பழைய வண்டிகள் பல சென்சாரைப் பொருட்படுத்துவதில்லை, அட்டவணையில் உள்ளபடியே தெளிக்கும். பூஸ்ட் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். பழைய ரப்பர் குழாய்களும் சீல்களும் இந்த எரிபொருளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் எத்தனால் ஈரத்தையும் இழுக்கும்.

சென்னை: திருச்சி நண்பர் சொல்வதே சரி. என் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது.

ஓடுவது சான்றாகாது. லாம்டா (காற்று, எரிபொருள் விகிதத்தின் அளவு) எவ்வளவு காட்டுகிறது?

நெல்லை: ரீமேப் வேண்டாம், டியூனிங் பாக்ஸ் போதுமா?

அது பிரஷர் சென்சாரின் கணக்கைக் குறைத்துச் சொல்லி இ.சி.யூ.வை ஏமாற்றும் பெட்டி. காக்கவேண்டிய கருவிக்கே உண்மை தெரியாது. வேண்டாம்.

வேலூர்: போலோவுக்கு எவ்வளவு குதிரைத்திறன் கூடும்?

மதுரைக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

தஞ்சாவூர்: எனக்கும் போலோதான். 91 ஆக்டேனில் ஓட்டலாமா?

ரீமேப்பில் கூடாது. 95க்கு எழுதிய மேப்பில் 91 ஊற்றினால் இ.சி.யூ. டைமிங்கைப் பின்னிழுக்கும், திறனும் போகும், புகைபோக்கியின் சூடும் ஏறும். பதிவெடுத்தால் கண்ணாலேயே பார்க்கலாம்.

திருச்சி: லாம்டா பதிவை அனுப்புகிறேன். சரியாக இருந்தால் ஒப்புக்கொள்வீர்களா?

நிச்சயமாக. மூன்றாவது கியரில் 2,000 முதல் 6,000 சுற்றுவரை டைனோவில் (வண்டியை உருளைமேல் ஓட்டி அளக்கும் கருவி) எடுங்கள், ரோட்டில் வேண்டாம். ஒவ்வொரு சுழற்சியிலும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் விழுக்காடும் பதிவில் இருக்கட்டும். அது 85 விழுக்காட்டுக்குள் இருந்தால் டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாக முன்னேற்றிப் பார்க்கலாம்.