ஒரு டாலர் ஜட்ஜ்

அன்புள்ள ஐயா,

நியூஜெர்சியில் அலுவலக நண்பர்களோடு ஃபேன்டஸி பேஸ்பால் ஆடுகிறேன். நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டி, மைதானத்தில் அவர்கள் எடுக்கும் எண்களைக் கொண்டு ஜெயிக்கிற ஆட்டம். பன்னிரண்டு அணிகள். ஆளுக்கு 260 டாலர் கற்பனைப் பணம், அதற்குள் 23 வீரர்களை ஏலத்தில் எடுக்க வேண்டும். போன வருட அணியிலிருந்து நான்கு பேரை ஏலத்துக்கு விடாமல் கீப்பராக வைத்துக்கொள்ளலாம். எடுத்த விலையோடு 5 டாலர் கூடும். மூன்று பேரை முடிவு செய்துவிட்டேன். நான்காவது இடத்துக்கு மூவர் இருக்கிறார்கள். நியூயார்க் யாங்கீஸ் வீரர் ஆரன் ஜட்ஜுக்கு இப்போது 57 டாலர், என் எக்செல் கணக்கில் அவர் மதிப்பு 50. ஒரு கேட்சர் 8 டாலர், மதிப்பு 10. மூன்றாவது, போன செப்டம்பரில் அறிமுகமாகி .200 சராசரிக்குக் கீழே, அதாவது ஐந்தில் ஒரு முறைகூடச் சரியாக அடிக்காத ஒரு பையன், 6 டாலர். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன், எங்கள் லீக்கில் இருவர் உங்கள் தளத்தைப் படிக்கிறார்கள். யாரை வைத்தால் லாபம் அதிகம் என்று கண்டுபிடிக்க உறுதியான சூத்திரம் உண்டா? இதெல்லாம் சூதாட்டம் என்கிறார் என் மனைவி.

க.

அன்புள்ள க.,

கீப்பர் என்றதும் தோனியை நினைத்துக்கொண்டு உள்ளே வந்த வாசகர்கள் மன்னிக்கவும். இது வேறு விவகாரம்.

உங்கள் மனைவியோடு நான் வாதாடப் போவதில்லை. கேட்சரை விட்டுத் தள்ளுங்கள். இருப்பதே நான்கு இடம், அதில் ஒன்றை இரண்டு டாலர் லாபத்துக்கு அடைப்பானேன்?

ஜட்ஜை எக்செல்லில் சிவப்பாக்கி வைத்திருப்பீர்கள், ஏழு டாலர் நஷ்டம் என்று. தப்பு. பன்னிரண்டு பேரிடமும் இருப்பது மொத்தம் 3120 டாலர். ஆளுக்கு நான்கு பேர் என்று 48 பேரை மலிவாக ஒதுக்கிக்கொள்கிறீர்கள். அவர்களுடைய மதிப்பு 1000, கொடுத்த விலை 500 என்று வைத்துக்கொள்வோம். மீதி 2120 டாலர் பெறுமான சரக்கு. அதை வாங்க 2620 டாலரோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். விலை கிட்டத்தட்ட கால் பங்கு ஏறும். 50 டாலர் ஜட்ஜ் ஏலத்துக்கு வந்தால் 62க்குப் போவார். உங்களுக்கு 57. ஆயுதபூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் பூ வாங்கப் போனவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேட்ட சூத்திரம் இவ்வளவுதான். இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் ஜட்ஜையும் அந்தப் பெயரில்லாத பையனையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். இரண்டு நாளாக அது என்னைத் தூங்கவிடவில்லை.

2016 ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் பிராங்க்ஸில் யாங்கீஸ் மைதானத்துக்குச் சீக்கிரமே போய்விட்டேன். பயிற்சி நடந்துகொண்டிருந்தது. புதிதாக வந்த ஒருவர், ஆறடி ஏழு அங்குலம், கூண்டுக்குள் நின்று அடித்துக்கொண்டிருந்தார். நான் ஹாட்டாக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை, கேட்டேன். மற்றவர்கள் அடித்தால் மரத்தில் பந்து படும் சத்தம். இவர் அடித்தபோது பக்கத்து வீட்டில் யாரோ பீரோக் கதவை ஓங்கிச் சாத்தின மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அன்றிரவே 1 டாலருக்கு ஆரன் ஜட்ஜை என் அணியில் சேர்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த எண்கள் மானக்கேடு. அந்த சீசனில் 27 ஆட்டம், 84 அட்பேட் (அடிக்க நின்ற தடவை), அதில் 42 ஸ்ட்ரைக்அவுட், அதாவது பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே அவுட். சரிபாதி. சராசரி .179. 2017 மார்ச்சில் கீப்பர்களை முடிவு செய்ய உட்கார்ந்தபோது யாங்கீஸ் அணியில் அவருக்கு ரைட்ஃபீல்டு இடமே உறுதியில்லை, ஆரன் ஹிக்ஸோடு போட்டி. வைத்துக்கொண்டால் 6 டாலர். நான் உங்களைப் போலத்தான், ஷீட்டைத் திறந்தேன். மதிப்பு 3 என்றது. விட்டுவிட்டேன். பதிலுக்கு ஒரு குளோஸரை, ஆட்டத்தின் கடைசியில் பந்து வீச வருபவரை, வைத்துக்கொண்டேன். அவர் பெயர் வேண்டாம், ஜூனுக்குள் தோள்பட்டை போய்விட்டது.

ஏலம் நண்பர் ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டில். ஜட்ஜ் பெயர் வந்ததும் என் எதிரே இருந்த பெரியவர் பீட்சாவிலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே கையைத் தூக்கினார். 4 டாலர். முடிந்தது.

கவனியுங்கள், என் கணக்கு சரி. சந்தை விலை 4, நான் 6 கொடுத்திருந்தால் 2 டாலர் நஷ்டம். இன்றைக்கும் அந்த ஷீட்டில் ஒரு பிழை காட்ட முடியாது. அந்த வருடம் ஜட்ஜ் 52 ஹோம்ரன் (நம்மூர்ச் சிக்ஸர் மாதிரி) அடித்தார். புதுமுக வீரர்களில் அதுவரை யாரும் அவ்வளவு அடித்ததில்லை. ஸ்ட்ரைக்அவுட் குறைந்ததா என்றால் அதுவும் இல்லை, 208! நான் எதைக் கண்டு பயந்தேனோ அது அப்படியே இருந்தது. கூடவே 127 வாக் (வீசுபவர் தப்பாகப் போட்டதால் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போவது), .284 சராசரி. பெரியவர் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார்.

அதனால்தான் உங்கள் மேல் கோபம் வருகிறது. அந்த ‘மதிப்பு’ எங்கிருந்து வந்தது? நாலைந்து தளங்களிலிருந்து எடுத்துச் சராசரி போட்டிருப்பீர்கள். உங்களோடு ஏலம் கேட்கிற பதினொரு பேரும் அதே தளங்களைத்தான் படிக்கிறார்கள். ஊரார் அபிப்பிராயத்தையே ஊராரிடம் விற்று எப்படி ஐயா லாபம் பார்ப்பீர்கள்? பையனின் பெயரை மறைத்தது கெட்டிக்காரத்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் அடித்து ஒரு பந்து போவதையாவது பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. தன் அணியில் மேலே கீழே யார் இருக்கிறார்கள், ஏப்ரலில் அவனுக்கு இடம் உண்டா, எதுவும் இல்லை. .200க்குக் கீழே, 6 டாலர். அவ்வளவுதான். .200க்குக் கீழே அடிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படியே காணாமல் போவார்கள் என்பது எனக்கும் தெரியும். அதை எக்செல்லிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு என்ன பயன்? போய்ப் பாருங்கள். பந்து மட்டையில் படும்போது என்ன சத்தம் வருகிறது என்று கேளுங்கள்.

தோற்றால் வருத்தப்படாதீர்கள். இந்த ஏல வகை ஃபேன்டஸி ஆட்டத்தை 1980இல் நியூயார்க்கில் தொடங்கிய டேனியல் ஓக்ரெண்ட், தானே உருவாக்கிய லீக்கில் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. 260 டாலரும் 23 பேரும் அந்தக் கூட்டம் போட்ட விதிதான்.

ஜட்ஜை வையுங்கள். 57க்குக் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். அந்தப் பையனின் பெயரை மட்டும் எனக்குத் தனி மின்னஞ்சலில் எழுதுங்கள். தளத்தில் போட மாட்டேன். எங்கள் லீக்கின் ஏலம் அடுத்த சனிக்கிழமை.