அந்த நாளும் ராஷோமோனும் – கடிதம்

வணக்கம்.

‘அந்த நாள்’ படத்தைப் பற்றி ஒரு விமர்சகர் பேசிய காணொளியைக் கேட்டேன். ‘குரோசாவாவின் ராஷோமோனைத் தமிழில் எடுத்தால் அதுதான் அந்த நாள். ஒரே கொலையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். 1954லேயே நாம் காப்பி அடிக்க ஆரம்பித்துவிட்டோம்’ என்றார். இயக்குநர் எஸ். பாலசந்தர் ராஷோமோனைப் பார்த்த பிறகுதான் இந்தக் கதையை யோசித்தார் என்று நானும் படித்திருக்கிறேன். ஆனாலும் இரண்டையும் பார்த்தவனுக்கு எங்கோ இடிக்கிறது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சு., கோவில்பட்டி

அன்புள்ள சு.,

இடிக்கத்தான் செய்யும். பாலசந்தர் ராஷோமோனைப் பார்த்தார், அது அவரைக் கிளறிவிட்டது என்பதெல்லாம் சரி. அதற்காக இரண்டும் ஒரே படம் ஆகிவிடாது. முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. எழுபது வருடமாகியும் பார்க்காதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளட்டும்.

குரோசாவாவின் ஜப்பானியப் படமான ராஷோமோனில் ஒரு சாமுராய் செத்துக் கிடக்கிறான். கொள்ளைக்காரன் ‘நான்தான் கொன்றேன்’ என்கிறான். மனைவியோ, தான் மயங்கி விழுந்ததாகவும், தெளிந்து பார்த்தபோது தன் குறுவாள் கணவன் நெஞ்சில் இருந்ததாகவும் சொல்கிறாள். செத்தவனே ஆவியாக வந்து ‘நானே குத்திக்கொண்டேன்’ என்கிறான். பழியை யாரும் அடுத்தவர் தலையில் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். கொலைகாரன் என்ற பெயர்கூடப் பரவாயில்லை, கோழை என்றோ கேவலமானவள் என்றோ பெயர் வரக்கூடாது. அவர்களுடைய பொய் அங்கிருந்துதான் வருகிறது. கொள்ளைக்காரன் சொல்லும்போது வாள்சண்டை வீராவேசமாக நடக்கிறது, இருபத்து மூன்று முறை வாள் மோதியதாகப் பீற்றிக்கொள்கிறான். அதே சண்டையை, ஒளிந்திருந்து பார்த்த விறகுவெட்டி சொல்லும்போது இருவருக்கும் கை நடுங்குகிறது. மூச்சு வாங்கத் தரையில் உருண்டு தவழ்கிறார்கள்.

அந்த நாளில் அப்படி எந்தக் காட்சியாவது திரும்ப வருகிறதா? வராது. இங்கே செத்தவன் ராஜன். அவன் சுடப்பட்டதைப் பக்கத்து வீட்டுச் சின்னையாவும் பார்க்கவில்லை, பட்டாபியும் பார்க்கவில்லை. ஆளுக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அந்தச் சந்தேகத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சின்னையா ராஜனின் தம்பி பட்டாபியைக் கைகாட்டுகிறார். பட்டாபி தன் பெண்டாட்டி ஹேமாவையே சந்தேகப்படுகிறான். ஹேமா, ராஜனின் ஆசைநாயகி அம்புஜத்தைச் சொல்ல, அம்புஜம் சின்னையாவிடமே கொண்டுவந்து விடுகிறாள். ராஷோமோனில் ‘நான், நான்’ என்றார்கள். இங்கே எல்லோரும் ‘நான் இல்லை, அவர்’ என்கிறார்கள். ‘ஒரே கொலையை ஆளுக்கொரு விதமாக’ என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் கட்டிப்போட்டால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

இன்னொன்று. ராஷோமோனில் சாட்சிகள் திறந்த முற்றத்தில், தரையில் உட்கார்ந்து நேரே காமிராவைப் பார்த்துப் பேசுவார்கள். நீதிபதி முகம் தெரியாது, குரலும் கேட்காது. அவர் உட்கார வேண்டிய இடத்தில் நம்மை உட்கார வைத்துவிட்டார் குரோசாவா, தீர்ப்பை மட்டும் கையில் தரவில்லை. அந்த நாளில் அந்த இடத்தில் ஜாவர் சீதாராமன் இருக்கிறார், சி.ஐ.டி. சிவானந்தமாக. கேள்வி கேட்கிறார், பொய்யைப் பிரிக்கிறார், கடைசியில் கண்டுபிடித்தும் விடுகிறார். வசனம் எழுதியவரும் அவரே என்பதால் சாவி அவரிடம்தான் இருந்தது! உண்மை எது என்றே தெரியாமல் முடிகிற படமும், இன்னார்தான் என்று விடை சொல்லி முடிகிற படமும் எப்படி ஒன்றாகும்?

ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் 1950இல் ஆந்தனி அஸ்குவித் இயக்கிய ‘தி வுமன் இன் குவெஸ்டியன்’ என்ற ஆங்கிலப் படம் இன்னும் கிட்டே வரும். குறி சொல்லும் பெண் ஒருத்தி கொல்லப்படுகிறாள், போலீஸ் விசாரிக்கிறது, ஐந்து பேர் அவளை ஐந்து விதமாகச் சொல்கிறார்கள், கடைசியில் ஆள் பிடிபடுகிறான். நம் ஆட்களில் ராஷோமோன் பக்கம் நிஜமாகவே போனது 2004இல் வந்த ‘விருமாண்டி’. நடந்ததையே கொத்தாளத் தேவர் ஒரு மாதிரியும் விருமாண்டி வேறு மாதிரியும் சொல்ல, நாம் இரண்டு முறை பார்க்கிறோம். ஆனால் அதிலும் யார் பக்கம் நியாயம் என்பதில் கமலுக்குச் சந்தேகமே இல்லை.

எனக்கு எரிச்சல் வருவது ‘காப்பி’ என்ற பேச்சால் படத்தின் சொந்தச் சரக்கு காணாமல் போவதில்தான். 1943, சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த காலம். ரேடியோ என்ஜினியர் ராஜன் நாட்டு ரகசியத்தை ஜப்பானியருக்கு விற்கிறான். அந்தத் துரோகியாக நடிப்பவர் ‘பராசக்தி’ வந்து இரண்டே வருடமான சிவாஜி; படம் தொடங்கியதும் சுடப்பட்டு விழுகிறார். துப்பாக்கி இருந்தது மனைவி உஷாவின் கையில். நடித்தவர் பண்டரிபாய், பராசக்தியில் அவருக்கு ஜோடியாக வந்த அதே பண்டரிபாய். ஒரு பாட்டும் கிடையாது. எடுத்தவர் வீணை வித்வான், அதை மறந்துவிடக் கூடாது. இதில் எதை ராஷோமோனிலிருந்து எடுத்தார்?

பாலசந்தரின் ருசி எங்கே என்று தெரிய அவருடைய மற்றப் படங்களைப் பாருங்கள். ‘பொம்மை’யில் பொம்மைக்குள் வெடிகுண்டு, ‘நடு இரவில்’ படத்தில் ஒதுக்குப்புறமான பங்களாவில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கடைசி ரீல் வரை ஆளைக் காட்டாமல் இழுத்தடிப்பதில்தான் மனிதருக்கு ஆசை. அந்த விமர்சகர் ‘நடு இரவில்’ பார்த்தாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.